கலப்பையும் பாரமும்: ஹரி பேர்குசன் வரலாறு

எங்கள் நாட்டு வயல்வெளிகளிலே ஓடித்திரியும் செந்நிற உழவு இயந்திரங்களின் முகப்பில் மசி பேர்குசன் என்னும் பெயர் பொறிக்கப்பட்டிருப்பதை நம்மிற் பலர் கண்டிருப்பர். வயலுக்குரியவர் அதனை மசி என்று சுருக்கி வழங்குவர். பின்பாதிப் பெயர் வெயிலிலும் சேற்றிலும் மங்கிப் போகும். அந்தப் பின்பாதிக்குரிய மனிதர் ஒருவர் இருந்தார் என்பதையும், அவருடைய வாழ்நாட் சிந்தனைக்கும் என் பாலப் பருவத்து விபத்தொன்றுக்கும் தொடர்புண்டு என்பதையும் நான் அறிந்தது மிகப் பிந்தியேயாகும்.

அப்பொழுது எனக்குப் பதினொரு வயது. கிளிநொச்சிப் பகுதியில் என் தந்தையாருக்கு இருந்த காணியில், புதிதாக வெளியாக்கிய துண்டொன்றிலே பாலைமரத்தின் அடிக்கட்டை ஒன்று எஞ்சி நின்றது. அதைப் பிடுங்குதற்கு வாடகைக்கு உழவு இயந்திரம் ஒன்று வந்தது. இழுக்கும்போது அதன் முன்பக்கம் மேலெழும்பப் பார்த்தது. ஆகவே என்னையும் என் சின்னையாவின் மகனையும் முன்பக்கத்தில் ஏற்றி இருத்தினார்கள். நாங்கள் இருவரும் பாரத்துக்காக ஏற்றப்பட்டவர்கள். எங்களுக்கோ அது சவாரி. கட்டையை மேனோக்கிக் கிளப்பலாம் என்ற எண்ணத்தினால், சங்கிலியைத் தாழ்ந்த கொழுவியில் மாட்டாது, இருக்கைக்குப் பின்னாலுள்ள உயர்ந்த பிடியிலே மாட்டியிருந்தார்கள். பெருஞ்சில்லுகள் மண்ணைப் பற்றின, கட்டை அசையவில்லை, முன்பக்கம் குதிரை கால் தூக்கினாற்போல் எழுந்தது. நான் வரம்பிலே வீசப்பட்டேன். சின்னையாவின் மகனுக்கு இடது மணிக்கட்டு முறிந்தது. சாரதி கணப்பொழுதில் கிளச்சை மிதித்தமையால் இயந்திரம் புரளாது மீண்டும் நிலத்தில் விழுந்தது. அவ்வளவில் நாங்கள் தப்பினோம்.

அன்றிரவு பெரியவர்கள் கூடிப் பேசியபோது, முன்னால் ஏற்றிய பாரம் போதாது, இன்னும் ஒருவனை ஏற்றியிருக்க வேண்டும் என்றே முடிவு செய்தார்கள். சங்கிலி மாட்டிய இடத்தைப் பற்றி ஒருவரும் நினைக்கவில்லை. குற்றம் இயந்திரத்தினதன்று, எங்கள் அறியாமையினது. எனினும் அதனை அறிய எனக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேற் சென்றன.

திருக்குறளில் வலியறிதல் என்னும் அதிகாரத்தை ஆண்டுதோறும் படிப்பித்து வருபவன் நான். மயிலிறகேயானாலும் அளவறிந்தே வண்டியில் ஏற்றவேண்டும் என்னும் கருத்தை விளக்கிக்கொண்டிருந்த ஒரு நாள், கமக்காரர் மகனான மாணவன் ஒருவன் எழுந்து, தன் தந்தையார் உழவு இயந்திரத்தின் பின்ரயர்களுக்குள் தண்ணீர் நிரப்புகிறாரே, அது அளவறிந்து ஏற்றுவதா, அளவின்றி ஏற்றுவதா என்று கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை. விடை தேடி நூலகம் புகுந்தபோதுதான் ஹரி பேர்குசன் என்னும் பெரியாரின் வரலாற்றைச் சந்தித்தேன்.

அவர் 1884ஆம் ஆண்டு நவம்பர் 4ஆந் திகதி, அயர்லாந்தின் வடபால் டவுண் கோட்டத்திலே, ட்ரோமோர் என்னும் ஊருக்கு அண்மையிலுள்ள கிறோவெல் என்னுமிடத்தில் பிறந்தார். தந்தையார் கமக்காரர். பிள்ளைகள் பதினொருவர், அவர்களுள் இவர் நாலாமவர். கமத்தின் கடுந்தொழில் இவருக்கு ஒவ்வவில்லை. கனடாவுக்குப் புறப்பட எண்ணியிருந்த வேளையில், பெல்பாஸ்ற் நகரிலே சைக்கிளும் மோட்டார் வண்டியும் திருத்தும் தொழில் நடத்திய தமையனார் தம்மிடம் வருமாறு அழைத்தார். 1902இல் இவர் அங்கே தொழில் பழகச் சேர்ந்தார். மண்ணை வெறுத்து ஓடியவரே மண்ணுக்குப் பெருந்தொண்டு செய்ய நேர்ந்தது இவர் வாழ்வின் முதற் புதுமை.

அந்தப் பெல்பாஸ்ற் நகரத்துக்கு வேறொரு சிறப்பும் உண்டு. ஸ்கொத்லாந்திலிருந்து வந்து அங்கே கால்நடை வைத்தியராயிருந்த டன்லொப் என்பவர், தம் மகனுடைய முச்சில்லு வண்டிக்காகக் காற்றடைத்த ரயரை 1887இல் ஆக்கினார். அக்காலத்தில் பேர்குசன் மூன்று வயதுக் குழந்தை. காற்றடைத்த ரயரும் அதனாற் பயன்கொள்ளப் போகும் உழவு இயந்திரத்தின் ஆசிரியரும் ஏறக்குறைய ஒரே மண்ணில் வளர்ந்தனர். எனினும் இரண்டும் வயலில் ஒன்றுகூட அரை நூற்றாண்டு செல்ல வேண்டியிருந்தது.

இளமையிற் பேர்குசனைக் கவர்ந்தது வானமே. தாமே அமைத்த விமானத்தில் ஏறி, 1909ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆந் திகதி ஹில்ஸ்பரோ என்னுமிடத்தில் ஏறக்குறைய 130 யார் தூரம் பறந்தார். அயர்லாந்திலே விமானத்திற் பறந்த முதல் மனிதர் இவரே. பறக்கும் பொறியைக் கட்டுபவனுக்கு ஒவ்வோர் இறாத்தலும் பகை. வேண்டாத இரும்பைக் குறைக்கும் அப்பழக்கம், பின்னர் இவர் வயலுக்கு வந்தபோதும் இவரை விட்டு நீங்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

1911இல் இவர் மோட்டார் வண்டி விற்பனை நிலையம் ஒன்றைத் தொடங்கினார். பின்பு உழவு இயந்திரங்களையும் விற்றார். முதலாம் உலகப் போரில் உணவு முடை நேர்ந்தபோது, அயர்லாந்தின் விவசாய அதிகாரிகள் நாட்டிலுள்ள உழவு இயந்திரங்களைச் சீராக இயக்குவிக்குமாறு 1917இல் இவரை வேண்டினர். வில்லியம் சான்ட்ஸ் என்னும் தொழில் வல்லுநரை உடனழைத்துக்கொண்டு இவர் ஊர் ஊராகச் சென்றார். சென்றவிடமெல்லாம் இயந்திரத்தின் அருகில் நின்று கலப்பை செல்லும் முறையைக் கூர்ந்து நோக்கினார்.

அக்காலத்து இயந்திரங்கள் பெரும்பாலும் பருத்த உடலும் இரும்புச் சில்லும் உடையவை. ஏன் அவ்வளவு பாரம்? சில்லு மண்ணைப் பற்றி இழுக்கும் வலி, அதன்மேல் அழுந்தும் பாரத்தைப் பொறுத்தது. பாரம் குறைந்தால் சில்லு நின்ற இடத்திலேயே சுழலும். ஆகவே இழுவை வேண்டியவர்கள் இரும்பைக் கூட்டினார்கள். ஆனால் கூட்டிய இரும்பு மண்ணை அமுக்கியது. அமுங்கிய மண்ணில் நீர் இறங்காது, வேர் ஓடாது. உழுது இளக்க வந்த பொறியே தன் காலடியில் நிலத்தை இறுக்கிவிட்டுச் சென்றது. அன்றியும் அப்பாரத்தைச் சுமந்து செல்லவே எண்ணெயின் ஒரு பகுதி வீணாயிற்று.

ஹென்றி போர்ட் அமெரிக்காவில் 1917 முதல் ஆக்கிய போர்ட்சன் இயந்திரம் இலேசானது, மலிவானது. ஆனால் அதற்கு வேறொரு கேடு இருந்தது. பின்னால் இழுபட்டு வரும் கலப்பையின் கொழு கல்லிலோ வேரிலோ சிக்கினால், சில்லு சுழல மாட்டாது நிற்க, இயந்திரத்தின் உடல் அச்சைச் சுற்றி முன்புறமாக எழுந்து, சாரதியின்மேற் பின்னோக்கிக் கவிழும். பலர் இவ்வாறு உயிரிழந்தனர். இதனை வாசித்த அன்று பாலைக்கட்டையும் சங்கிலியும் என் கண்முன் வந்து நின்றன. உலகின் மறுகோடியில், நான் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே, ஒருவர் எங்கள் விபத்தைப் பற்றிச் சிந்தித்திருக்கிறார்!

பேர்குசன் கண்ட உண்மை எளியது. உழவு இயந்திரத்தையும் கலப்பையையும் மாடும் ஏரும் போல இரு பொருளாகக் கருதியதே பிழை என்றார் அவர். இரண்டும் ஓருடலாக வேண்டும். கலப்பைக்கும் பாரமுண்டு, அது பிளக்கும் மண்ணுக்கும் பாரமுண்டு, மண் கொழுவைக் கீழே இழுக்கும் விசையும் உண்டு. இவற்றைச் சில்லின்மேற் செலுத்தினால், வேண்டும்போது மாத்திரம் பாரம் கிடைக்கும். வேண்டாதபோது இயந்திரம் இலேசாகவே இருக்கும். இரும்பை ஏற்றிச் சுமப்பதற்குப் பதிலாக, எதிர்க்கும் மண்ணிடமிருந்தே பாரத்தைக் கடன் வாங்குதல் எனலாம்.

இக்கருத்து முற்றுப்பெறப் பல ஆண்டுகள் சென்றன. 1925இல் அவர் ஆக்கவுரிமைக்கு விண்ணப்பித்த அமைப்பிலேதான் உழும் ஆழத்தை இயந்திரமே காக்கும் வழி பிறந்தது. இன்று உலகெங்கும் வழங்கும் மும்முனை இணைப்பு அவ்வழியின் முதிர்ச்சியேயாம். கீழே இரண்டு புயங்கள் கலப்பையை இழுக்கின்றன. மேலே ஒரு புயம் அதனைத் தாங்குகிறது. கலப்பை முன்னோக்கிச் சாய முயலும்போது மேற்புயம் இயந்திரத்தை முன்னோக்கித் தள்ளும். மண் கடினமானால் அத்தள்ளல் மிகும். அது ஒரு சுருளை அமுக்கி எண்ணெய் வாயிலைத் திறக்கும். எண்ணெயமுக்கம் கீழ்ப்புயங்களைச் சிறிது உயர்த்தும். அவ்வளவில் ஆழம் சீராகும். பாரமும் பின்சில்லுக்கு ஏறும். கொழு கல்லிற் சிக்கினாலோ தள்ளல் எல்லை கடக்கும். உடனே அமுக்கம் விடுபடும். ஏறிய பாரம் இறங்கும். சில்லுகள் வறிதே சுழன்று நிற்கும். மேற்புயமும் முன்பக்கத்தை எழும்ப விடாது. சாரதி உயிர் பிழைப்பான்.

இத்தகைய அருங்கருத்து உலகுக்கு எட்டிய வழி மேடுபள்ளம் நிறைந்தது. 1933இல் அவர் தாமே கறுப்பு நிற இயந்திரம் ஒன்றைச் சமைத்துக் காட்டினார். 1936 முதல் டேவிட் பிரவுண் என்னும் தொழிலதிபரோடு கூடி ஆக்கிய இயந்திரம் ஒரு தொன்னுக்கும் குறைந்த நிறையுடையது. ஏறக்குறைய ஆயிரத்து முந்நூற்றைம்பதே செய்யப்பட்டன. 1938இல் அவர் அமெரிக்கா சென்று, டியர்போர்ண் நகரில் முதிய ஹென்றி போர்ட்டின் நிலத்தில் அதனை உழுது காட்டினார். போர்ட்டும் கமக்காரர் மகன். கண்டு வியந்தார். ஒருவர் ஆக்குவது, மற்றவர் வடிவமைத்து விற்பது என்று இருவரும் கைகுலுக்கி உடன்பட்டனர். ஏட்டில் எழுத்து ஒன்றுமில்லை. 1939இல் வெளிவந்த போர்ட் - பேர்குசன் இயந்திரமும் அதன் வழிவந்ததும் எட்டாண்டுகளில் மூன்று இலட்சம் வரை வயல்களிற் சேர்ந்தன.

இதற்குள் ரயரின் வரலாறும் இவ்வரலாற்றோடு வந்து கலந்தது. 1932இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாகாணத்தில், விமானத்துக்குரிய காற்றுரயர்களை உழவு இயந்திரமொன்றிற் பூட்டிச் சோதித்தனர். குறைந்த காற்றமுக்கத்தில் ரயர் சற்றே பரந்து மண்ணைத் தழுவும் என்பதும், இரும்புப் பல் போல் நிலத்தைக் குத்தாது என்பதும், குலுக்கம் குறையும் என்பதும் அப்போது தெளிவாயின. சில ஆண்டுகளில் அங்கே புதிய இயந்திரங்களிற் பெரும்பாலானவை றப்பர்ச் சில்லுக்கு மாறின. ஆயினும் போர் வந்தது. சிங்கப்பூரும் மலாயாவும் 1942இல் யப்பானியர் வசமாயின, றப்பர் அருகியது, போர்ட் - பேர்குசன் இயந்திரமும் சிறிது காலம் மீண்டும் இரும்புச் சில்லோடு வெளிவந்தது. அந்நாளில் நேச நாடுகளுக்கு இயற்கை றப்பர் வழங்கிய தலையாய நாடு நம் இலங்கையேயாம். அவர் வரலாற்றில் நம் நாட்டு மரத்தின் பாலும் ஒரு துளி கலந்திருக்கிறது.

கைகுலுக்கி வந்த உறவு முதிய போர்ட்டின் காலத்தோடு முடிந்தது. அவருடைய பேரனார் நிருவாகத்தில் 1947இல் உடன்பாடு முறிந்தது. போர்ட் நிறுவனம் அதே அமைப்போடு தனி இயந்திரம் செய்து விற்றது. பேர்குசன் 25 கோடியே 10 இலட்சம் டொலர் கேட்டு வழக்குத் தொடுத்தார். 1952இல் 92 இலட்சத்து 50 ஆயிரம் டொலரோடு வழக்கு இணக்கமாயிற்று. பெற்ற தொகை கேட்டதிற் சிறு கூறேயெனினும், கருத்துக்கு உரியவர் யாவர் என்பது நிலைநாட்டப்பட்டது.

வழக்கு நடக்கையிலும் அவர் கை ஓயவில்லை. இங்கிலாந்தின் கொவென்றி நகரிலே 1946 முதல் 1956 வரை வெளிவந்த சாம்பல் நிறச் சிற்றியந்திரம் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டது. அதனை ஆராயுந்தோறும் அவருடைய கமக்கார உள்ளம் புலனாகிறது. பின்சில்லுகளைக் கழற்றித் திருப்பி மாட்டுவதனால், சில்லிடை அகலத்தை 48 அங்குலம் முதல் 76 அங்குலம் வரை நான்கு நான்கு அங்குலமாகப் பயிருக்கேற்ப மாற்றலாம். கருவிகளைப் பொருத்தவும் அளவு பார்க்கவும் ஒரே திருகுசாவி உதவும். அதன் கைப்பிடியிலேயே அங்குலக் கோடுகள் வெட்டப்பட்டிருந்தன. எட்மண்ட் ஹிலாரி 1958ஆம் ஆண்டு சனவரி 4ஆந் திகதி தென்துருவத்தை அடைந்ததும் இவ்வினத்து இயந்திரங்களிலேயாம். பனியிலே பாரம் புதைக்கும் என்பதால் அவற்றுக்குச் சங்கிலிப்பட்டை பூட்டியிருந்தனர்.

1953இல் அவர் தம் நிறுவனத்தைக் கனடாவின் மசி ஹரிஸ் நிறுவனத்தோடு இணைத்தார். விலை பேசுகையிற் பத்து இலட்சம் டொலர் பிணக்காக நின்றது. ஒரு நாணயத்தைச் சுண்டி அதனைத் தீர்த்தனர், தோற்றவர் பேர்குசன். அடுத்த ஆண்டு அந்நிறுவனத்தை விட்டும் நீங்கினார். மசி பேர்குசன் என்னும் பெயர் 1958 முதல் வழங்கலாயிற்று. இறுதிக் காலத்தில் நாற்சில்லும் உந்தும் மோட்டார் வண்டியில் அவர் கருத்துச் சென்றது. அங்கும் பழைய கேள்விதான்: சில்லு வழுக்காது தரையைப் பற்றுவது எப்படி? நித்திரையின்மையும் மனச்சோர்வும் அவரை நெடுங்காலம் வாட்டின. 1960ஆம் ஆண்டு ஒக்டோபர் 25ஆந் திகதி இங்கிலாந்தில், தம் இல்லத்தில் அவர் காலமானார். அடுத்த ஆண்டு அவர் குழுவினர் ஆக்கிய நாற்சில்லுந்து பந்தய வண்டி, ஈரத் தரையிலே நடந்த போட்டியொன்றில் முதலிடம் பெற்றது. அதனைக் காண அவர் இல்லை.

இனி மாணவன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். பேர்குசன் பாரத்தை முற்றாக விலக்கியவரல்லர். அளவறிந்து ஆள வழி செய்தவர். மும்முனையிற் பூட்டாது வெறுமனே இழுத்துச் செல்லும் வேலைக்குப் பின்சில்லில் மேலதிக பாரம் இன்றும் வேண்டியதே. அதற்காகவே ரயரின் ஊதுவாயை உச்சியில் நிறுத்தி, அம்மட்டம் வரை, அதாவது முக்காற் பங்குக்குத் தண்ணீர் நிரப்புகிறார்கள். எஞ்சிய காற்பங்கு காற்று மெத்தையாக நின்று குலுக்கத்தை ஏற்கும். குளிர்நாட்டில் நீர் உறையாதிருக்க உப்புக் கலப்பர். நமக்கு அது வேண்டா. ஒரு ரயரிலே நூறு லீற்றருக்கு மேற் கொள்ளும். ஒரு லீற்றர் ஒரு கிலோ நிறை. பாரமான கருவியைப் பின்னாற் பூட்டும்போதோ, முன்பக்கத்தில் இரும்புப் பாளங்களை மாட்டி, மொத்த நிறையில் நாலிலொரு பங்கேனும் முன்சில்லில் நிற்கச் செய்தல் வேண்டும். மாட்ட வேண்டியவை பாளங்களே, பிள்ளைகளல்லர். எதையேனும் இழுக்கும்போது சங்கிலி என்றும் தாழ்ந்த கொழுவியிலேயே பூட்டப்பட வேண்டும்.

அளவு சரியா என்பதை அறியத் துலாக்கோல் வேண்டா. ரயரிற் சுண்ணாம்பால் ஒரு குறியிட்டு, கலப்பையை உயர்த்தியபடி வயலிற் பத்துச் சுற்றுச் செல்லும் தூரத்தை அளக்கவேண்டும். பின்பு உழுதுகொண்டு பத்துச் சுற்றுச் செல்லவேண்டும். முன்னது 40 யார், பின்னது 35 யார் என்றால், வழுக்கல் எட்டிலொன்று, அஃது ஏற்றதே. நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் வழுக்கினால் பாரம் போதாது. எண்ணெயும் ரயரும் தேயும். எட்டுக்கும் குறைந்தால் பாரம் மிகுதி, நிலம் இறுகும். சுவட்டைப் பார்த்தாலும் தெரியும். ரயரின் பற்கள் அச்சில் வார்த்தாற்போல் ஆழமாகத் தெளிந்திருந்தால் பாரம் மிகை. முற்றும் சிதைந்திருந்தால் குறை. ஓரங்கள் தெளிந்து நடு மட்டும் சிறிது கலைந்திருந்தால் அளவு. காற்றும் அவ்வாறே. பேர்குசனின் சிற்றியந்திரத்துப் பின்ரயருக்குச் சதுர அங்குலத்துக்குப் பன்னிரண்டு இறாத்தல் அளவே போதுமாயிருந்தது. வீதிக்கு ஏற்ற காற்றோடு வயலில் இறங்கினால் ரயர் கல்லாகி மண்ணைக் குத்தும். வயலுக்குக் குறைத்த காற்றோடு பாரமேற்றி வீதியில் ஓடினால் ரயர் சிதையும். சேற்று உழவுக்கோ கதை வேறு. அங்கே பாரம் புதைக்கும். அகன்ற இரும்புக் கூட்டுச் சில்லே மிதந்து செல்லும்.

இவற்றை அந்த மாணவனுக்குச் சொன்னேன். அவன் தந்தையாரோடு வயலுக்குச் சென்று சுண்ணாம்புக் குறியிட்டு அளந்து பார்த்தான். வழுக்கல் நூற்றுக்கு ஐந்து மாத்திரம் என்றும், தண்ணீரிற் பாதியை இறக்கிவிட்டதாகவும் வந்து கூறினான். நான் படிப்பித்த அதிகாரத்துக்கு அதனிலும் நல்ல உரை வேறில்லை.

என் சின்னையாவின் மகனுடைய மணிக்கட்டு இன்றும் சிறிது வளைந்தே இருக்கிறது. மழைக்காலத்தில் நோகும் என்பார். கடந்த தைப்பொங்கலுக்கு வந்திருந்தபோது இவ்வரலாற்றை அவருக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டபின், அன்று சங்கிலியைக் கீழே மாட்டியிருந்தால் நாங்கள் இருவரும் மேலே ஏறியிருக்க வேண்டியதே இல்லையல்லவா என்று கேட்டார். ஆம் என்றேன். கமக்காரரின் பிள்ளைகளுக்கு இலக்கணத்தோடு இதனையும் ஒரு பாடமாகச் சொல்லிக் கொடுப்பது நம் போன்ற ஆசிரியர்களின் கடன் என்று அன்று துணிந்தேன்.